தண்ணீரின் தண்மை

நீரைக் குறிக்க நம் மொழியில் சொற்கள் பல உள. அவற்றுள் நாள்தோறும் நம் நாவில் வழங்குவது 'தண்ணீர்' என்பதாகும். தண்மையை உடைய நீர் என்பது அதன் பொருள். தண்மையாவது குளிர்ச்சி. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்ந்த நம் முன்னோர்க்குக் குளிர்ச்சியினும் இனியது வேறொன்று தோன்றவில்லை போலும்! அன்புடையாரைக் கண்டால் 'கண் குளிர்ந்தது' என்கிறோம். நற்செய்தி கேட்டால் 'உள்ளம் குளிர்ந்தது' என்கிறோம். குளித்தல் என்னும் சொல்லும் குளிர் என்னும் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய உறவுடையன. சூடேற்றிய நீரையும் 'சுடுதண்ணீர்' என்று மக்கள் வழங்குமளவுக்குத் தண்மை என்பது நீரோடு ஒன்றிவிட்டது.

ஆயினும், நாம் இனிதென்று போற்றும் இத்தண்மையே உயிர்க்கு இறுதி பயக்கும் இடங்களும் காலங்களும் உலகில் உள. குளிர்நாட்டு ஏரிகளில், இனிய வெயில் காயும் நாளில் மகிழ்ந்து நீரிற் குதித்தவர் சிலர், கரையிலிருந்து சில முழத் தொலைவிலேயே உயிரிழத்தல் உண்டு. அவர்களுள் நன்கு நீந்தத் தெரிந்தாரும் இருப்பர். அங்கே அலையில்லை, சுழியில்லை, முதலை முதலிய கொடிய உயிர்களும் இல்லை. பின்னர் அவர்களைக் கொன்றது யாது? நீரின் குளிர்ச்சியே கொன்றது. ஏரி நீர் எப்பருவத்தில் எவ்வாறு வெம்மையும் தண்மையும் அடைகின்றது, அதில் இறங்கி நீந்துவோர் அறியவேண்டுவன யாவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். இதில் வரும் வெப்பநிலைகள் யாவும் செல்சியசு அளவையில் கூறப்படுகின்றன.

வட அமெரிக்காவில், அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே ஐந்து பேரேரிகள் அமைந்துள்ளன. சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ என்பன அவற்றின் பெயர்கள். உலகில் நிலத்தின் மேற்பரப்பிலுள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வைந்து ஏரிகளில் அடங்கியுள்ளது. இவற்றுள் மிகப் பெரியது சுப்பீரியர். அதன் பரப்பு ஏறக்குறைய 82,100 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பை ஐந்து கூறாக்கினால், மூன்று கூற்றினும் சற்று மிகுதியாக இந்த ஓர் ஏரியே பரந்து கிடக்கின்றது என்றால் அதன் பெருமையை நாம் உய்த்துணரலாம். கரையில் நின்று நோக்குவார்க்கு எதிர்க்கரை தோன்றாது, கடலென்றே தோன்றும். அதன் பேராழம் 406 மீட்டர்.

இவ்வேரிக்கரையில் மே மாதத்து நாளொன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். நீண்ட பனிக்காலம் கழிந்துவிட்டது. மரங்கள் தளிர்க்கின்றன. கதிரவன் ஒளி இனிதாகப் பரவுகின்றது. கம்பளி உடைகளைக் களைந்துவிட்டு மக்கள் கரைக்கு வருகின்றனர். காற்றின் வெப்பம் 25 பாகை அளவில் இருத்தல் கூடும். ஆனால் அவர்கள் கண்முன் தெளிந்து விளங்கும் ஏரியின் நீரோ 4 பாகையை ஒட்டியே இருக்கும். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை சுழியம் என்பதை நினைவிற் கொண்டால், அந்நீரின் கடுங்குளிர் எத்தகையது என்பது விளங்கும். கரையில் வேனில், நீரில் இன்னும் பனிக்காலம்! கண்ணுக்கு இவ்வேறுபாடு சிறிதும் புலப்படுவதில்லை. இங்கேதான் இடையூறு ஒளிந்திருக்கின்றது.

காற்று வெம்மையுற்ற பின்னும் நீர் குளிர்ந்திருப்பது ஏன்? ஒரே நிறையுள்ள மணலையும் நீரையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒரே அளவு சூடேற்ற வேண்டுமாயின், மணலுக்கு வேண்டுவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் நீருக்கு வேண்டும். அதனால்தான் நண்பகலில் ஆற்று மணல் காலைச் சுடும்போதும் ஆற்று நீர் குளிர்ந்திருக்கின்றது. வெப்பத்தை மெல்ல ஏற்பது நீரின் இயல்பு. ஏற்ற வெப்பத்தை மெல்ல இழப்பதும் அதன் இயல்பு. ஆதலின், ஏரிக்கு வானத்தின் பருவக் கணக்கினின்றும் வேறான கணக்கு ஒன்று உண்டு. வடபுலத்தில் பகற்பொழுது மிக நீண்டிருப்பது ஜூன் மாதம் 21-ஆம் நாள் அளவில். ஆனால் சுப்பீரியர் ஏரியின் மேல்நீர் மிகுதியாக வெம்மை அடைவது ஆகஸ்டு மாதத்திலும் செப்டம்பர்த் தொடக்கத்திலுமாகும். மே மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் காற்றின் வெப்பம் ஒத்திருக்கும் நாள்கள் உண்டு. ஆயினும் நீரின் வெப்பம் ஒத்திராது. காற்றை மட்டும் அளந்து நீரை அறிந்தோம் என்பார் ஏமாறுவது இதனாலேயே.

ஏரியின் ஆழமும் இதில் பெரும்பங்கு கொள்கின்றது. அகன்ற தாம்பாளத்தில் ஊற்றிய நீரையும் குடத்தில் நிறைத்த நீரையும் வெயிலில் வைத்தால் எது விரைவில் சூடேறும்? தாம்பாளத்து நீரே சூடேறும். நிழலில் வைத்தால் விரைவில் ஆறுவதும் அதுவே. ஐந்து பேரேரிகளுள் ஈரி என்பது தாம்பாளம் போன்றது. அதன் சராசரி ஆழம் 19 மீட்டரே. சுப்பீரியர் குடம் போன்றது. அதன் சராசரி ஆழம் 147 மீட்டர். மேலும், ஈரி ஏரி தெற்கே அமைந்தது. ஆகவே, கோடையில் ஈரியின் மேல்நீர் 22 பாகைக்கு மேலும் வெம்மையுறுகின்றது. சுப்பீரியரின் நடுப்பகுதியோ பெரும்பாலான ஆண்டுகளில் 20 பாகையை எட்டுவதில்லை. கடும் பனிக்காலத்தில் விரைந்து குளிர்ந்து பெரும்பகுதி உறைந்துவிடுவதும் ஈரியே.

இனி, ஏரியின் உள்ளே நிகழும் வியத்தகு மாறுதலைக் காண்போம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகும். நன்னீரும் 4 பாகை வரையில் அவ்வாறே சுருங்குகின்றது. அதற்குக் கீழும் குளிர்ந்தாலோ, சுருங்குவதற்கு மாறாக விரியத் தொடங்குகின்றது. எனவே, 4 பாகையிலுள்ள நீரே மிக்க அடர்த்தியுடையது; அது கீழே இறங்கும். அதனினும் வெம்மையான நீரும், அதனினும் குளிர்ந்த நீரும் மேலே நிற்கும். பனிக்கட்டி நீரில் மிதப்பதும் அது விரிந்து அடர்த்தி குறைந்திருப்பதனாலேயே. இந்த ஓர் இயல்பு இல்லையாயின், குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறைந்து மீனினம் அழிந்திருக்கும். பனிக்காலத்தில் ஏரியின் மேலே பனிக்கட்டி மூடியிருக்க, அடியில் 4 பாகையை ஒட்டிய நீரில் மீன்கள் உயிர் வாழ்கின்றன.

இளவேனிலில் பனிக்கட்டி உருகுகின்றது. மேல்நீர் சிறிது சிறிதாக வெம்மையுற்று 4 பாகையை அடைகின்றது. அப்போது மேலும் கீழும் ஒரே அடர்த்தி உடையனவாதலின், காற்று வீசுங்கால் ஏரி முழுவதும் கலங்கிக் கலக்கின்றது. கோடை முதிர்ந்ததும் மேல்நீர் மேலும் வெம்மையுற்று இலேசாகி, கீழ்நீரோடு கலவாமல் தனியே நிற்கின்றது. அப்போது ஏரியில் மூன்று அடுக்குகள் தோன்றுகின்றன. மேலே வெம்மையான அடுக்கு. அடியிலே குளிர்ந்த அடுக்கு. இரண்டிற்கும் நடுவே, சிறிது ஆழத்திற்குள் வெப்பம் விரைந்து குறையும் இடையடுக்கு. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, மூன்றடுக்கும் கலைந்து ஏரி மீண்டும் கலக்கின்றது. ஆண்டுக்கு இருமுறை நிகழும் இக்கலப்பால், மேலுள்ள உயிர்வளி ஆழத்திற்குச் செல்கின்றது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பேரறிஞராகிய பிரான்சுவா அல்போன்சு பொரேல் என்பார் ஜெனீவா ஏரியைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, ஏரிகளைப் பற்றிய அறிவைத் தனி ஓர் இயலாக வகுத்தார். அவர் 1841-ஆம் ஆண்டு பிறந்து 1912-ஆம் ஆண்டு மறைந்தவர்.

கோடையிலும் ஏரி நீரை முற்றும் நம்புதல் ஆகாது. மேலே நிற்கும் வெந்நீர் அடுக்கு மெல்லியது. கரையிலிருந்து ஏரியின் உட்புறம் நோக்கிப் பெருங்காற்று நெடுநேரம் வீசுமாயின், அவ்வடுக்கை அது அப்பால் தள்ளிவிடும். வெற்றிடம் நிரப்ப அடியிலுள்ள குளிர்நீர் கரையோரமாக மேலெழும். மிச்சிகன் ஏரிக்கரையில் இத்தகைய நிகழ்ச்சி கோடையில் காணப்படுவதுண்டு. நேற்று இன்பமாக நீந்திய இடத்தில், இன்று நீரின் வெப்பம் 10 பாகை அளவும் குறைந்திருத்தல் கூடும். வானம் அதே வானம். வெயில் அதே வெயில். நீர் மட்டும் வேறு நீர்! ஆதலின், நேற்றைய அறிவைக் கொண்டு இன்றைய நீரில் இறங்குதல் பொருந்தாது.

குளிர்நீர் மனித உடலை எவ்வாறு தாக்குகின்றது? நம் உடலின் இயல்பான வெப்பநிலை 37 பாகை. அசைவற்ற காற்று உடலின் வெப்பத்தைக் கவர்வதைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவர்கின்றது. கனடாவிலுள்ள மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீசுபிரெக்டு என்பார் கடுங்குளிர் நீரின் தாக்குதலை ஆராய்ந்து, எளிதில் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு கணக்கைப் பரப்பியுள்ளார். ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்பதே அக்கணக்கு.

முதல் நிமிடத்தில் நிகழ்வது அதிர்ச்சி. 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தவர், தம் விருப்பமின்றியே 'ஆ'வென்று மூச்சை உள்ளிழுப்பர். அவ்வேளை தலை நீருக்குள் இருக்குமாயின், உட்செல்வது காற்றன்று, நீரேயாம். அடுத்து மூச்சு மிக விரைந்து இரைக்கும், நெஞ்சம் படபடக்கும், குருதியழுத்தம் ஏறும். நெஞ்சுநோய் உடையார்க்கு இதுவே உயிர்க்கொல்லி ஆகலாம். மூச்சை அடக்கி ஆளும்வரை வேறெதுவும் செய்ய முயலாதிருப்பதே அறிவுடைமை. அதன்பின் ஏறக்குறைய பத்து நிமிடம் கைகால்கள் பயன்படும். கரையேறுதல், கயிற்றைப் பற்றுதல், உதவிக்குக் குரல் கொடுத்தல் ஆகியவற்றை அதற்குள் செய்துகொள்ள வேண்டும். அப்பால் குருதி உடலின் உட்புறத்தைக் காக்க ஒடுங்குதலால், தசைகள் விறைத்து விரல்கள் பயனற்றுப் போகும். நீச்சலில் வல்லவரும் அப்போது நீந்தமாட்டார். உடலின் உள்வெப்பம் குன்றி அறிவு மயங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எனவே, குளிரால் மயங்குதற்கு முன்னரே, அதிர்ச்சியாலும் தசைச் சோர்வாலும் பலர் மூழ்கிவிடுகின்றனர் என்பது தெளிவு. மிதவைச் சட்டை அணிந்தவர்க்கோ இவ்விரண்டு இடரிலும் தலை நீர்மேல் நிற்கும். உதவி வரும்வரை உயிர் நிற்கும்.

நீந்துதற்கு ஏற்ற நீர் எது? போட்டிகள் நடைபெறும் நீச்சற்குளங்களில் நீரை 25 முதல் 28 பாகை வரையில் வைத்திருப்பர். ஏரியிலும் கடலிலும் நடைபெறும் உலகப் போட்டிகளில், நீர் 16 பாகைக்குக் குறைந்தாலும் 31 பாகைக்கு மிகுந்தாலும் போட்டி நடத்தலாகாது என்பது விதி. பன்னாள் பயிற்சி பெற்று, அருகே காவற்படகுகள் சூழ நீந்துவார்க்கே இவ்வரம்பு என்றால், பயிற்சியில்லாதார் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்! நீர் மிக வெம்மையாயினும் தீங்கே. நீந்துவோர் உடலில் எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தளர்ச்சியும் மயக்கமும் உண்டாகும்.

ஏரியில் இறங்குவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உள. காற்றின் வெப்பத்தை மட்டுமன்றி, அன்றைய நீரின் வெப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும். பேரேரிகளின் கடற்கரை போன்ற மணற்கரைகள் பலவற்றில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகள் ஏற்றப்படுகின்றன. சிவப்புக் கொடி பறக்குமிடத்தில் இறங்குதல் கூடாது. அறியாத நீரில் தலைகீழாகக் குதித்தலை அறவே ஒழிக்க வேண்டும். கால், முழங்கால், இடை, மார்பு என மெல்ல மெல்ல நனைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஏரியின் நடுவே செல்லாமல், கால் நிலைக்கும் ஆழத்தில் கரையை ஒட்டியே நீந்த வேண்டும். தனியே நீந்தலாகாது. படகில் ஏறுவோர் மிதவைச் சட்டையைக் கையில் வைத்திராமல் உடலில் அணிந்திருக்க வேண்டும்.

தவறி விழுந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? 'மிதந்து உயிர் காப்பாய்' என்னும் பொருள்பட, பிரிட்டனின் அரச தேசிய உயிர்காப்புப் படகுக் கழகம் மக்களுக்கு அறிவுறுத்தி வருகின்றது. 1824-ஆம் ஆண்டு தோன்றிய கழகம் அது. கைகால்களை உதறி அலறாமல், தலையைப் பின்னே சாய்த்து, காதுகள் நீரில் நனைய, முகம் வானை நோக்க மிதக்க வேண்டும். மூச்சு அமைதியுற்ற பின்னரே நீந்தவோ குரல் கொடுக்கவோ முயலவேண்டும்.

மாணவர்களே, 'நம் நாட்டு ஏரிகளில் இத்தகைய குளிர் இல்லையே. நமக்கு இவ்வறிவு எதற்கு?' என்று நீங்கள் வினவலாம். உண்மைதான். நம் சமவெளி ஏரிகள் ஆழமற்றவை; கோடை நண்பகலில் அவற்றின் மேல்நீர் 30 பாகையைக் கடப்பதும் உண்டு. குளிரால் விறைத்து இறக்கும் அச்சம் ஈண்டு இல்லை. ஆயினும், மேற்பரப்பைக் கண்டு உள்ளிருப்பதை அறிந்துவிட முடியாது என்னும் உண்மை எல்லா ஏரிக்கும் பொதுவன்றோ? கோடையில் வற்றிய ஏரியில் வண்டலும் மண்ணும் அள்ளுதலால் பெரும் பள்ளங்கள் ஏற்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்ததும் அப்பள்ளங்கள் கண்ணுக்கு மறைகின்றன. இடையளவு நீரில் நடந்து செல்லும் சிறுவன் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் வீழ்கின்றான். திறந்த மதகின் அருகே நீர் உள்ளிழுக்கும். கலிங்கின் கற்களில் பாசி படர்ந்து வழுக்கும். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் கால் சிக்கும். வடபுலத்து ஏரியில் குளிர் ஒளிந்திருப்பதுபோல், நம் ஏரியில் பள்ளமும் சேறும் ஒளிந்திருக்கின்றன.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தை. இக்கொடுமையை உலகம் மறவாதிருத்தற்பொருட்டு, ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை ஜூலை மாதம் 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது.

ஒருவர் மூழ்கக் கண்டால் உடனே பாய்ந்து காக்க எண்ணுதல் அன்பின் இயல்பு. ஆனால் மூழ்குபவர் அச்சத்தால் காக்க வந்தவரை இறுகப் பற்றி அவரையும் அமிழ்த்திவிடுதல் கூடும். தம்பியைக் காக்கச் சென்ற அண்ணனும் மூழ்கினான் என்னும் செய்தியை நாம் எத்தனைமுறை கேட்டிருக்கிறோம்! ஆதலின், கரையில் நின்றே கழியை நீட்டுக. கயிற்றையோ வேட்டியையோ வீசுக. வாய் மூடிய நெகிழிக் குடத்தை எறிக. உரக்கக் கூவிப் பெரியோரை அழைக்க. 108 என்னும் எண்ணுக்குச் செய்தி அனுப்புக. கரையேற்றியவரின் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயலுதல் தவறு. மூச்சு நின்றிருப்பின், பயிற்சி பெற்றவர் உடனே செயற்கை மூச்சளித்து மார்பை அழுத்துதல் வேண்டும். குளிர்நீரிலிருந்து மீட்கப்பட்டவராயின், ஈர உடையை நீக்கிக் கம்பளியால் மெல்லப் போர்த்த வேண்டும். கைகால்களைத் தேய்த்தலும் மதுவைக் கொடுத்தலும் கேடு பயக்கும்.

நீச்சல் நல்ல கலை. உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஊக்கமும் தருவது. அதனைப் பெரியோர் முன்னிலையில் நீங்கள் யாவரும் கற்றல் வேண்டும். ஆயின், நீந்த அறிதல் வேறு. நீரை அறிதல் வேறு. நீந்த அறிந்து நீரை அறியாதார் பலர் மாண்டனர். நீரின் பருவத்தையும் ஆழத்தையும் தண்மையையும் வினவி அறிந்தபின் இறங்குவார்க்கே, ஏரியில் ஆடுதல் கண் குளிர, உள்ளம் குளிர அமையும். வீட்டில் அவர் வரவை நோக்கியிருக்கும் தாயின் வயிறும் குளிரும்.